தளபதியின் தட்டில் ஏலக்காய்

மார்ச் 3, போடி
மறுபடி பெட்டி கட்டுகிறேன். பத்திரிகை அனுப்புகிற இடம் சண்டை நடக்கும் நாடு என்றதும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். நல்லது, நிம்மதியாகக் கட்டலாம். ஏலக்காய் வியாபாரியான அத்தாவுக்கு வேறு கவலை. "பர்சானா, அங்க காய் என்ன வெல போகுதுன்னு கேட்டுட்டு வா."

மார்ச் 7
நாட்டின் பெயரை எழுதவில்லை. எழுதி முடிப்பதற்குள் மாறிவிடலாம். விமான நிலையத்தில் ஒருவர் முத்திரை குத்தினார். அவர் பதவி நேற்றே போய்விட்டது என்று பக்கத்து மேசைக்காரர் இன்னொன்று குத்தினார். ஓட்டுநர் யூனுஸ்தான் மொழிபெயர்ப்பாளரும். போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பு ஓட்டுகிறவர்கள் இவரிடம் பிச்சை வாங்க வேண்டும்.

மார்ச் 8
மூன்று சோதனைச் சாவடி, மூன்று படை. மூன்றிலும் நான் உளவாளி.

மார்ச் 9
யூனுஸின் தம்பி எதிரணியில் இருக்கிறானாம், இன்று ஒரு சாவடியில் இவரைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். அந்தச் சாவடிப் படையின் தளபதியிடம் மன்றாடப் போனேன். மொழிபெயர்க்க யூனுஸையே கூட்டிவந்து நிறுத்தினார்கள். உபசாரமாகக் காபியும் ஒரு தட்டு ஏலக்காயும் வந்தன. நான் என்ன செய்தேன்? ஒரு பிடி அள்ளி, ஒன்றைப் பிளந்து கடித்துவிட்டு, மிச்சத்தைத் தரையில் வீசினேன்! அத்தாவோடு ஏலத்துக்குப் போய்ப் பழகிய கை. போடி ஏல அறையில் எல்லோரும் அப்படித்தான் தரம் பார்ப்பார்கள், சாயங்காலம் காயை மிதித்துக்கொண்டுதான் வெளியே வருவோம். இங்கே துப்பாக்கிகள் நிமிர்ந்தன.

ஏன் எறிந்தாய் என்றார் தளபதி. சொன்னேன். பயத்தில், இது பழைய சரக்கு, பச்சைச் சாயம் போட்டது என்றும் சேர்த்து உளறினேன். யூனுஸ் தன் உயிரைத் தானே மொழிபெயர்த்தார். தளபதி விழுந்து விழுந்து சிரித்தார். உன் ஆளைக் கூட்டிக்கொண்டு போ என்றார். அடி சக்கை!

மார்ச் 10
சனியன் பிடித்த வாய். தளபதிக்கு அந்தக் காயை விற்ற கிழவரைக் கடையிலிருந்து இழுத்துப்போய் அடைத்துவிட்டார்களாம் — யூனுஸ் இருந்த அதே அறை. தளபதியை ஏமாற்றியதற்குச் சுடுவார்களாம். இதுக்கா வந்தேன்? காப்பியக் குடிச்சோமா, வந்தோமான்னு இருந்திருக்கக் கூடாதா?

மார்ச் 11
யூனுஸ் வரவே மாட்டேன் என்றார். பிறகு அவரே வண்டியை எடுத்தார். தளபதியிடம் அதே காயைக் கேட்டு வாங்கிக் கடித்தேன். முதல் தரம், முந்தாநாள் காய்ச்சலில் நாக்கு கெட்டிருந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. எந்த நாள் பொய் சொன்னாய் என்று கேட்டார்.

"முந்தாநாள்."

கேமராவையும் போனையும் பிடுங்கிக்கொண்டு, நாட்டை விட்டுப் போகச் சொன்னார். கிழவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

மார்ச் 16, போடி
படம் இல்லை, செய்தி இல்லை, ஆசிரியர் கத்துகிறார். அத்தாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சாயக் காயை முதல் தரம் என்றேன் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. தன் தொழிலில் ஒருமுறைகூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

"அந்தாளு வீடு போய்ச் சேந்துட்டானா?"

யூனுஸ்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டார் என்றேன்.

"அப்ப அது மொத தரந்தான்."