நிலா கோட்டை கட்டிய ராத்திரி

அக்காவுக்கு, தம்பி எழுதுறது. நீயும் மாமாவும் சௌக்கியமா? அம்மாவுக்கு மூட்டுவலி குறைஞ்சுதா?

போன வாரம் ஒரு கூத்து நடந்துச்சு, அம்மாகிட்ட சொல்லிடாதே. இங்க உறைஞ்ச ஏரிக்கு மேலே நிலா கோட்டை கட்டியிருந்துச்சு, சுத்தி பெருசா ஒரு ஒளி வட்டம். நான் வேலை பாக்குற விடுதியோட விளம்பரத்துக்கு அந்த முழு வட்டத்தையும் படம் பிடிக்கணும்னு, கேமராவைப் பார்த்துக்கிட்டே ஏரி மேல பின்பக்கமா நடந்தேன். பனிக்கட்டி உடைஞ்சு மார்பு வரைக்கும் உள்ளே போயிட்டேன். கேமராவும், நாலு மாசமா அதுல எடுத்த வானமும் தண்ணியோட போச்சு. எங்க வண்டி டிரைவர் குப்புறப் படுத்து, "கையைக் குடுப்பா, கையைக் குடு"ன்னு கத்தினார். இப்போ வெறும் சளிதான்.

உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. அவர் கை எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. எனக்குத்தான் பிடிக்கத் தோணல. அவரே சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்துப் போட்டார். ஏன் இழுத்தார்னு ரெண்டு நாள் அவர் மேல கோபமா இருந்துச்சு.

கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி அனுப்பு. அம்மா பேசுறதை போன்ல பதிஞ்சு அனுப்பு, என்னைத் திட்டுறதா இருந்தாலும் சரி.

இன்னிக்கும் வானம் தெளிவா இருக்காம், ஏரிக்குக் கூட்டிட்டுப் போக கீழே வண்டியில ஹாரன் அடிக்கிறாங்க. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நான் எடுக்கலேன்னா விட்டுடாதே அக்கா, திரும்பத் திரும்பப் பண்ணு.

உன் தம்பி