மணியின் டைரியில் என் கையெழுத்து

சிதம்பரம்
ஏப்ரல் 26

அன்புள்ள மகள் வாணிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் உன் தங்கச்சி மணியும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். கௌஹாத்தியில் ஐந்து மணிக்கு முன்பே பளீரென்று விடிந்துவிடுகிறது, தூக்கம் போதவில்லை என்றாயே, ஜன்னலுக்கு ஒரு கனத்த துணியைப் போட்டுக்கொள், ஆஸ்பத்திரி லேபில் தூங்கி வழிந்துகொண்டு யார் ரத்தத்தையோ யார் பெயரிலோ எழுதிவிடாதே. தினம்தான் போனில் பேசுகிறோமே, அம்மாவுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். ஆபீசில் என்னோடு வேலை பார்க்கிற சுப்புராயன் சார் தன் ஊர் காடாம்புலியூரிலிருந்து முந்திரிப் பருப்பு கொண்டுவந்து கொடுத்தார், அதை உனக்குப் பார்சல் கட்டுகிறேன், வெறும் பருப்பை மட்டும் அனுப்ப மனசு வரவில்லை. அதோடு, போனை எடுத்தாலே மணி வந்து ஒட்டிக்கொள்கிறாள். அவளைப் பற்றியும் உன்னைப் பற்றியும் ஒரு விஷயம் இருக்கிறது, அவள் காதில் படாமல் சொல்ல வேண்டும். பயப்படாதே, படித்தால் சிரிப்பாய்.

அஞ்சாவது முடிகிற வருஷம் என்று இந்த மார்ச் மாதம் வீடு பட்ட பாட்டை என்ன சொல்ல. நான் காலை ரயிலைப் பிடித்துக் கடலூருக்கு ஓட, கோடை வந்ததும் அப்பா கடையில் மோட்டார் காயில் கட்டுகிற வேலை ஜாஸ்தியாகி அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கே நாலு மணிக்கு வர, நடுவில் இவள் சூரியக் குடும்பம் செய்துகொண்டு போக வேண்டும் என்று ஒருநாள் காலை ஆறு மணிக்குச் சொல்கிறாள். சப்பாத்தி மாவை உருட்டி மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் கலந்து ஒன்பது உருண்டை பிடித்துக் கொடுத்தேன். எட்டுதான் கிரகம், ஒன்பதாவது எதுக்கு என்று அப்பா கேட்டார், அது உங்க டிபனுக்கு என்றேன். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் சனிக்கிரகத்தை எறும்பு மொய்த்துவிட்டதாம். இந்தப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு சரி, அடுத்த வருஷம் வேறு பள்ளி என்பதால் மாற்றுச் சான்றிதழுக்கு ஒரு படிவம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இட்லித் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அங்கேதான் ஆரம்பம்.

மறுநாள் முகூர்த்த நாள். எங்கள் பத்திரப் பதிவு ஆபீசில் நிற்க இடமில்லை. ஒரு பெரியவர் பத்திரத்தில் போட்ட கையெழுத்தும் ஆதார் கார்டில் இருக்கிற கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை, இன்னொரு தரம் போடுங்க ஐயா என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், போன் அடிக்கிறது. மணியின் வகுப்பு டீச்சர், ஞானாம்பாள். எடுத்ததும், உங்க பொண்ணு உங்க கையெழுத்த அவளே போட்டுக்கிட்டு வந்திருக்குதும்மா, நீங்க கொஞ்சம் நேர்ல வரணும் என்றார். பத்து வயதுப் பிள்ளை கள்ளக் கையெழுத்தா. அதிகாரியிடம் போய் நின்று அனுமதி கேட்டேன், அவர் ஏன் எதற்கு என்றுகூடக் கேட்காமல் போயிட்டு வாங்க என்றுவிட்டார், பஸ்ஸைப் பிடித்து மூன்று மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் நிற்கிறேன். என்னை ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார வைத்து, படிவத்தையும் டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் டீச்சர். பாருங்க, டைரியில வருஷம் பூரா நீங்க போட்டது எவ்ளோ அழகா இருக்குது, படிவத்துல இருக்குறது கோழி கிளறுன மாதிரி இருக்குது, இதுதான் அவ போட்டது என்றார். நான் பார்த்தேன், வாணி. இருபது வருஷமாக ஊரார் கையெழுத்தைச் சரிபார்க்கிற கண் இது. டீச்சர், கோழி கிளறுனதுதான் என்னுது என்றேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எனக்கும்தான்.

ஜூன் மாதத்திலிருந்து அத்தனையும் மணி போட்டது. பிரிசில்லா என்ற என் பெயரில் 'ல்லா' எப்போதும் ரயிலுக்கு ஓடுகிற மாதிரி சாய்ந்திருக்கும், அவள் அதை நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறாள். கீழே கோடு, கோட்டின் கீழே இரண்டு புள்ளி, ஒன்றும் பிசகவில்லை. சிரித்துக்கொண்டேதான் பக்கத்தைத் திருப்பினேன். திருப்பத் திருப்பச் சிரிப்பு நின்றுபோனது. ஆகஸ்டில் டீச்சர் எழுதியிருக்கிறார், கரும்பலகையைப் பார்த்து எழுதத் தடுமாறுகிறாள், கண் டாக்டரிடம் காட்டவும் என்று. கீழே என் கையெழுத்து. அக்டோபரில் மறுபடியும். கீழே என் கையெழுத்து. ஜனவரியில் சிவப்பு மையில், உடனே கவனிக்கவும் என்று. அதற்குக் கீழேயும் அழகாக, இரண்டு புள்ளியோடு. இரண்டு பெற்றோர் கூட்டத்துக்கும் நான் போகவில்லை, எனக்குத் தெரிந்தால்தானே போக. வேலைக்குப் போற அம்மா, இதையெல்லாம் கண்டுக்க நேரமில்லபோலன்னு நெனச்சுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க என்றார் டீச்சர். தப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு வாய் ஏது. டிவியை ஒட்டி உட்காராதே, தள்ளி உட்காருடி என்று அவளைத் தினம் அதட்டினவள்தானே நான், ஏன் ஒட்டி உட்காருகிறாள் என்று ஒருநாள் கேட்டேனா. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்துப் பார்த்தே எழுதி வருஷத்தை ஓட்டியிருக்கிறாள், மார்க்கும் குறையவில்லை, அதனால் எனக்குத் தெரியவே இல்லை.

திட்டக்கூடாது என்று வைராக்கியம் வைத்துக்கொண்டு, மணியை மேல வீதியில் சர்பத் கடையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு நன்னாரி சர்பத் வாங்கிக்கொண்டு கேட்டேன். கண்ணாடி போட்டால் அசிங்கமாக இருக்கும் என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது, ஆஸ்பத்திரிக்குப் போனா நீ லீவு போடணும், போன வருசம் எனக்கு ஜொரம் வந்தப்ப லீவு கேட்டுட்டு பாத்ரூம்ல அழுதியே, எனக்குக் கேட்டுச்சு. கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டுதான் அழுதேன், வாணி. அப்போதிருந்த அதிகாரி ஒரு மாதிரி, அவர் மாற்றலாகிப் போயே எட்டு மாதம் ஆகிறது. அதை இந்தக் குழந்தையிடம் யார் போய்ச் சொன்னோம். சரி, கையெழுத்து போட எப்படிடி கத்துக்கிட்ட என்றேன். சர்பத்தை உறிஞ்சுவதை நிறுத்தவே இல்லை அவள். அக்காதான் ஊருக்குப் போறப்ப ரெண்டு நாள் சொல்லிக் குடுத்துச்சு, அம்மாவுக்கு டென்ஷன் குடுக்காத, டைரிய நாமளே பாத்துக்கலாம்னு சொல்லிச்சு, அக்காவும் அதோட டைரியில அதேதான் போடும் என்றாள். இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். நாக்கைக் கடித்துக்கொள்ளாதே, மேலே படி.

கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன், முழு நாள் லீவு போட்டு, ஒரு சொட்டு அழாமல். அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியில் கண் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் பார்வை குறைவு, இடது கண்ணில் ஜாஸ்தி, அந்தக் கண் உழைக்காமலே பழகிவிட்டதாம். கண்ணாடியோடு, வலது கண்ணைத் தினம் இரண்டு மணி நேரம் மூடி வைத்து இடது கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும், இன்னும் ரெண்டு வருசம் விட்டுருந்தா கஷ்டம்மா, இப்ப முயற்சி பண்ணலாம், ஜூன்ல மறுபடியும் கூட்டிட்டு வாங்க என்றார். அப்பாதான் அதையும் விளையாட்டாக்கினார். முதல் நாள் மணி ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன் என்று அழுதாள், இவர் தன் கைக்குட்டையை எடுத்துத் தானும் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார், சாம்பாரைத் தட்டில் ஊற்றுவதாக நினைத்துத் தன் தொடையில் ஊற்றிக்கொண்டார். இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது அவளே நேரம் பார்த்து மூடிக்கொள்கிறாள், அப்பாவுக்கும் கைக்குட்டை எடுத்து நீட்டுகிறாள். ஒற்றைக் கண்ணோடு காயில் கட்டினால் ஷாக் அடிக்கும் என்று அவரைக் கடைக்கு மட்டும் அப்படி அனுப்புவதில்லை. ஆபீசில் இந்தக் கதையைச் சொன்னபோது சுப்புராயன் சார், மேடம், ஊரு கள்ளக் கையெழுத்தையெல்லாம் இங்க புடிக்கறீங்க, வூட்ல ஒரு ஆளு வருசம் பூரா போட்டிருக்குது பாருங்க என்று சத்தம் போட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். டிபன் பாக்ஸைக் கழுவப் போன இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கடைசி நாள் பள்ளிக்கூடத்துக்கு நானே போனேன். பிள்ளைகள் எல்லாம் ஒருத்தர் சட்டையில் ஒருத்தர் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டு ஒரே கூத்து. மதிப்பெண் அட்டையை நீட்டி, என் கண்ணு முன்னாடியே போடுங்கம்மா என்றார் ஞானாம்பாள் டீச்சர். போட்டேன், கோழி கிளறினதுதான். மணி எட்டிப் பார்த்து, நான் இதைவிட நல்லா போடுவேன் என்றாள், டீச்சர் அவள் காதைத் திருகினார், வலிக்காமல்தான். இப்போது சாயங்காலம் நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஏறிச் சிதம்பரத்தில் இறங்கும்போது அப்பாவும் அவளும் ஸ்டேஷனில் வந்து நிற்கிறார்கள். முன்பெல்லாம் நான் பக்கத்தில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வரை எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பாள், அம்மா மேல் கோபம்போல என்று நானும் விட்டுவிடுவேன். போன திங்கட்கிழமை ரயில் நிற்பதற்கு முன்பே, பிளாட்பாரத்தின் அந்தக் கடைசியிலிருந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். நான் வாசலில்கூட நிற்கவில்லை, உள்ளே ஜன்னலோரம் இருந்தேன்.

இனி உன் கணக்கு. உயிர்ப்புத் திருநாளன்று மத்தியானம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து உன் பழைய டைரிகளை எல்லாம் இறக்கினேன். ஏழாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒரு பக்கம் விடாமல் படித்தேன். வகுப்பில் பேசுகிறாள், கணக்கு வீட்டுப்பாடம் செய்யவில்லை, ஷூ போடவில்லை, இதற்கெல்லாம் நீ போட்ட என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது டைரியில் ஒரு பக்கம். மாவட்ட அளவிலான பாட்டுப் போட்டிக்கு இசைவாணி தேர்வாகியிருக்கிறாள், கடலூருக்கு அழைத்துச் செல்லப் பெற்றோர் சம்மதமும் ஒருவர் துணையும் தேவை என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே நீ என் எழுத்தில் 'வர இயலாது, அனுப்ப இயலாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். போட்டி நடந்த பள்ளிக்கூடத்தின் பெயரையும் பார்த்தேன். என் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி, வாணி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தே வந்திருப்பேன். இதை உன்னிடம் போனில் கேட்டால் அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, எனக்கு அப்ப தொண்டை சரியில்ல என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, பதினாலு வயதில் நீ எனக்குப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாய். ஆனால் நீ என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கிற மாதிரி நான் இருந்தேனா என்பது வேறு.

தங்கச்சியிடம் இதைப் பற்றிப் போனில் ஒன்றும் கேட்காதே, அவளிடம் நானே சொல்லிவிட்டேன், இனி கெட்ட செய்தியானாலும் டைரி என் கைக்கு வர வேண்டும், லீவு போடுவதும் போடாததும் என் பாடு என்று. நீயும் அப்படியே இரு. உடம்பு சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல், எல்லாம் நல்லாருக்கேம்மா என்று பாட வேண்டாம். பாட வேண்டும் என்றால் நிஜமாகவே பாடு, ஞாயிற்றுக்கிழமை போகிற சர்ச்சில் பாடகர் குழு இருக்கிறது என்றாயே, வெட்கப்படாமல் போய்ப் பெயர் கொடு. மொழி தெரியாவிட்டால் என்ன, ராகம் ஒன்றுதானே. முந்திரியை ஒரே நாளில் தின்று தீர்க்காதே, அறைத் தோழிகளுக்கும் கொடு, காற்றுப் புகாத டப்பாவில் வை. அப்பா உன்னை ரொம்பக் கேட்டதாக எழுதச் சொன்னார், கைக்குட்டையைப் பற்றி எழுத வேண்டாம் என்றும் சொன்னார், எழுதிவிட்டேன். ஆண்டவர் உன் போக்குவரத்தையும் உன் கை வேலையையும் காத்து நடத்துவாராக. மே மாதம் லீவு கேட்டு வீட்டுக்கு வா, அங்கே தரமாட்டார்கள் என்று நீயே முடிவு செய்துகொள்ளாதே, முதலில் கேள்.

உன் பிரியமுள்ள அம்மா,
த. பிரிசில்லா

பி.கு.: உன் ஒன்பதாவது டைரியில் அந்தப் பக்கத்தில் நீ போட்டதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. 'பார்த்தேன். பாட அனுப்புகிறேன், நானும் வருகிறேன்' என்று எழுதி, இன்றைய தேதியும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன்.