கண்ணாடி ஆறட்டும்

பாய்,

மேசை டிராயரை ஒழித்தபோது நீ உடைத்துக் கொடுத்த பாதி சவர பிளேடு கிடைத்தது. மரக்கட்டையில் செருகியபடியே துருவேறிக் கிடந்தது. தொட்டதும், எழுபதுகளின் அந்தப் பங்குனி மாதம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அரக்கோணம் ரோட்டில் உனக்கு லாரிப் பட்டறை. பக்கத்துப் பள்ளியில் நான் அறிவியல் வாத்தியார். தொலைநோக்கி செய்வோம் என்று கிளம்பியது நான். அதற்கான தடிக் கண்ணாடியை ஆறு மாதம் குழிவாகத் தேய்த்தது முழுக்க நீ. உத்திரத்தன்று காவடிக் கூட்டத்துக்கு நிலாவைக் காட்ட வேண்டும் என்று உனக்கு என்ன ஆசை!

சோதிக்கிற வேலை என்னுடையது. ஜன்னலுக்குச் சாக்கு மாட்டிப் பட்டறையை இருட்டாக்கினோம். பல்பை மூடிய தகர டப்பாவில் ஊசித்துளை. அந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் குவியும் இடத்தில் பிளேடை நகர்த்தி, அதன் பின்னாலிருந்து கண்ணாடியைப் பார்க்க வேண்டும். குழிவு சீராக இருந்தால் கண்ணாடி முழுதும் ஒன்றுபோல மங்கும். துளி மேடு இருந்தாலும் நிழல் காட்டிக்கொடுக்கும். கண்ணாடியை நிறுத்தி வைக்கும்போது என் கட்டைவிரல் அதன் முகப்பில் அழுந்தியிருந்தது.

“மேடு இருக்கு பாய். உன் கை இங்க சரியா ஓடல.”

“கொஞ்ச நேரம் ஆறட்டும் வாத்தியாரே. சூட்டோட என்ஜினைத் தொறந்து அளவெடுத்தா தப்பாத்தான் காட்டும்.”

“படிச்சவன் நானா, நீயா?” என்றேன். நீ சிரித்துவிட்டு, நான் காட்டிய இடத்தையே இரண்டு நாள் தேய்த்தாய்.

உத்திரத்தன்று முருகன் கோயில் மலையடிவாரத்தில், பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்து, “இன்னாங்க, கஞ்சியாட்டம் கலங்கிக்கினு கீது?” என்றாள். நீதான் முந்திக்கொண்டு, “என் கைதாங்க சரியில்ல” என்றாய். அதோடு கண்ணாடி வேலையை நீ தொடவே இல்லை.

அடுத்த மாதம் வேறொரு கண்ணாடியில் என் விரல் பட்டது. பிளேடை வைத்தால் அதே மேடு! ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் அது காணாமல் போனது. விரல் சூட்டில் கண்ணாடி உப்பியிருக்கிறது, அவ்வளவுதான். இல்லாத மேட்டைத்தான் உன்னைத் தேய்க்க வைத்திருக்கிறேன். உன் பட்டறை பள்ளிக்கு நாலு கடை தள்ளித்தான். தினமும் உன்னோடு டீ குடித்தேன். இதை மட்டும் சொல்லவில்லை. பெரிய வாத்தியார்!

உன்னை அடக்கம் செய்த மறுவாரம் உன் மகன் சொன்னான்: “வாத்தியாரு ஆசப்பட்ட கண்ணாடிய நான்தான் கெடுத்துட்டேன்னு அத்தா கடைசி வரிக்கும் சொல்லிக்கினே இருந்தாருங்க.”

அப்போதாவது வாயைத் திறந்தேனா? “ஆங், பாவம், நல்ல மனுசன்” என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

உன் கையில் ஒரு குறையும் இல்லை, பாய். இந்தப் பிளேடை எடுத்துப்போய் உன் மகனிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாளாகச் சட்டை மாட்டுகிறேன். உங்கள் தெருமுனை வரை போய்த் திரும்பிவிடுகிறேன்.