உங்கம்மாளத் தூங்க வெக்கிற டிரையர்

அவிநாசிபாளையம்

அம்மிணி பூங்குழலிக்கு உன்ற அப்பன் எழுதறது, நான் கல்லாட்டம் இருக்கறேன், உங்கம்மா என்னையத் திட்டற அளவுக்கு நல்லா இருக்கறா, நீயும் மாப்பிள்ளையும் அந்த நார்வேப் பனியில வெறைச்சுப் போகாம இருந்தாச் சரி. போன் இருக்கறப்ப எதுக்குக் கடுதாசின்னு கேப்பே. நீ கூப்புட்டா ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கறா, இந்தச் சங்கதி அவ காதுக்குப் போகப்படாது கண்ணு.

தோள்பட்டை வலியில அவளால கொடியில துணி போட முடியலைன்னு நீ டிரையர் வாங்கி அனுப்பிச்சப்ப நான் என்னமாச் சிரிச்சேன், கோமணத்தப் புழிஞ்சு ஒதறறதுக்குள்ள காஞ்சு போற வெயிலு நம்மளது, சூரியனே எட்டிப் பாக்காத ஊருக்காரி நமக்கு டிரையர் அனுப்பறாளேன்னு. இப்பச் சிரிக்கறதில்ல. பனியன் கம்பெனில மிசினுங்களுக்கு நடுவுலயே காலம் போக்குன பொம்பளைக்கு, வேலைய உட்டு நின்னதுக்கப்பறம் ஊட்டு அமைதியில தூக்கமே புடிக்கல, மாத்திரையும் கேக்கல, நாளுக்கு நாள் எளச்சுட்டே வந்தது உனக்கே தெரியும். இந்த டிரையர் கடகடன்னு உருள ஆரம்பிச்ச மொத மத்தியானமே, துணி மடிக்க உக்காந்தவ அப்படியே சாஞ்சு கொறட்டை உட்டா, கொறட்டைன்னு நான் சொன்னதச் சொல்லீராதே. அன்னையிலிருந்து கட்டில அது பக்கத்துலயே போட்டாச்சு, ஒத்தத் துண்டப் போட்டாவது ஓட்டிருவேன். கண்ணாடிக்குள்ள அவ சேலை மெதக்கறதும் பொரள்றதும் அமராவதி அணையில பெரிய மீனு திரும்பற மாதிரி இருக்கும், சோப்பு வாசமும் சூடும் ரூமெல்லாம் பரவும், எனக்கே எந்த ஊர்ல இருக்கறேன்னு மறந்து போயிரும்.

போன மாசம் துணியெல்லாம் சொதசொதன்னு வந்துச்சு, கருகற நாத்தம் வேற, அப்பறம் நடுவுலயே நின்னு போச்சு. வலையில படியற பஞ்ச நாந்தான் தெனமும் வழிச்சு எடுக்கறேன், அதச் சேத்து உனக்கொரு தலகாணியே தெச்சு வெச்சிருக்கறேன், திருப்பூர்க்காரன் வேஸ்ட்ட வீசுவானா. மெக்கானிக் வேல்குமாரு வந்து மிசின இழுத்துப் பாத்தா, பொறத்தால சூட்டுக் காத்து போற குழாய் செவுத்துல நசுங்கி, உள்ளார பஞ்சு கெட்டியா அடச்சுக் கெடக்குது. கட்டிலுக்கு எடம் வேணும்னு மிசினச் செவுத்தோட நெருக்கித் தள்ளுனது ஆரு, இந்த மகராசன்தான். ஏனுங்கய்யா, மூக்கப் பொத்திட்டு ஓடச் சொன்னா நீங்க ஓடுவீங்களா, இன்னுங் கொஞ்சம் உட்டிருந்தாத் தீப் புடிச்சிருக்குமுங்கன்னான். மூக்கப் பொத்தாட்டியும் நான் ஓட மாட்டேன் தம்பின்னேன். குழாயச் சுத்தம் பண்ணி, செவுத்துக்கு ஒரு மொழம் தள்ளி வெச்சு, வந்த நாள்லேருந்தே கடகடத்த உருளையும் பெல்ட்டும் மாத்திக் குடுத்தான்.

அங்கதான் வந்துச்சு வெனை. மிசினு பூன நடக்கறாப்ல ஓடுது, துணி மொறுமொறுன்னு காயுது, உங்கம்மா கொட்டக் கொட்ட முழிச்சுக் கெடக்கறா. சோறும் எறங்கல, கண்ணு உள்ள போயிருச்சு, எனக்குப் பயம் புடிச்சுக்கிச்சு. பழைய உருளையவே மாட்டிக் குடு தம்பின்னு வேல்குமார்கிட்டக் கெஞ்சுனா, ஊட்டுல வேற பெரியவங்க ஆருமில்லீங்களான்னு கேட்டுட்டுப் போயிட்டான். சத்தம் வரட்டும்னு புளியங்கொட்டையக் கிழிஞ்ச சாக்ஸ்ல கட்டி உள்ள போட்டேன், அவுந்து மிசினெல்லாம் கொட்டை. என்ற இடுப்பு பெல்ட்டப் போட்டேன், பேயாட்டம் அலறுச்சு, கெழவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு உங்கம்மா உன்ற சித்திக்குப் போன் போட்டுட்டா.

நேத்துப் பழைய சாமான் கெடக்கற அட்டாலில உன்ற பள்ளிக்கூடத்து வெள்ளை ஷூ ஆப்புட்டுது. தொவைச்சு, ஒரு துண்டோட உள்ள போட்டு, சூட்டக் கொறச்சு ஓட்டுனேன். தொம்மு தொம்முன்னு மெதுவா ஒரு சத்தம், படியில ஆரோ எறங்கி ஓடற மாதிரி. உங்கம்மா கண்ணத் தொறக்காமயே, மெதுவாப் போ கண்ணு, உழுந்துறாதேன்னா. அவ்வளவுதான், தூங்கீட்டா. இன்னிக்கும் தூங்கறா, பக்கத்துல உக்காந்துதான் இத எழுதறேன், எனக்கும் கண்ணு சொக்குது.

மாரியாத்தா உங்க ரெண்டு பேரையும் குளுரு அண்டாமக் காக்கட்டும், நோவு நொடியில்லாம நல்லா இருங்க. உன்ற ஊட்டு டிரையருக்குப் பொறத்தால குழாய் நசுங்கிக் கெடக்குதான்னு மறக்காமப் பாத்துரு. எங்களுக்கு மத்தியான நேரத்துல மட்டும் போன் பண்ணாதே சாமி, அப்ப நீ இங்கதான் ஓடிட்டிருக்கறே.

உன்ற அப்பன்
மருதாசலம்