உப்பு வண்டியில் ஒரு குழவிக்கல்

ஒரகடம் கூட்ரோட்டில் இன்று சாயங்காலம் இரண்டு மசால் வடை வாங்கினேன். கடைக்காரர் ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தின் தாளைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தார். வடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, எண்ணெய் ஊறிய தாளைப் பிரித்து விளக்கு வெளிச்சத்தில் காட்டிப் படித்தேன். யாரோ ஒரு பிள்ளையின் கெமிஸ்ட்ரி பாடம். மந்திரமும் இல்லை, வைத்தியமும் இல்லை. "இன்னா மேடம், வடையில எதுனா கீதா?" என்று கடைக்காரர் பயந்துபோய்க் கேட்டார். ஒன்றுமில்லை அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன். இத்தனை வருஷமாக வடை வாங்கும்போதெல்லாம் இதே கூத்துதான். பாதி உன்னால் வந்தது, மீதி உங்கள் அம்மாவால்.

பென்னலூரில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த ஆறு ரூம்களில் நாலாவதில் நானும் ஜோதியும் இருந்தோம். நான் விளாத்திகுளத்துப் பக்கம், அவள் தேனிப் பக்கம், நீ வீட்டுக்காரம்மா பெண். மூன்று பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே லைன். காருக்குள் போகிற ஒயர்களைப் பலகையில் பரப்பி டேப் சுற்றும் வேலை. பலகை நகர்ந்துகொண்டே இருக்கும். நம்மைத் தாண்டுவதற்குள் முடித்துவிட வேண்டும். முதல் ரூமில் இருந்த ட்ரெய்னி இன்ஜினியர் காலி செய்துவிட்டுப் போனபோது ஒரு அட்டைப்பெட்டியை விட்டுவிட்டுப் போனான். அதில்தான் அந்தத் தடிப் புத்தகம் கிடந்தது. அட்டையில் கவசம் போட்ட ஒருத்தன் வாளோடு முறைத்துக்கொண்டிருந்தான்.

உங்கள் அம்மாவுக்கு அது புத்தகமாகத் தெரியவில்லை. எண்ணெய் நன்றாகக் குடிக்கிற தாளாகத் தெரிந்தது. ஆடிக் கிருத்திகைக்கு வடை சுட்ட அன்று நடுவிலிருந்து ஒரு கொத்தைப் பிய்த்துவிட்டார்கள். நீ ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் முப்பது நாற்பது தாள் வடைக்கு அடியில் போய்விட்டது.

மிச்சத்தை நீ டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தாய். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் எங்களை உட்கார வைத்து, அது ஓர் ஆட்டத்தின் விதிப் புத்தகம் என்று விளக்கினாய். ஒருத்தி கதையை நடத்துவாள். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக மாறி, நான் இப்படிச் செய்கிறேன் என்று சொல்வார்கள். அது நடந்ததா இல்லையா என்பதைக் கட்டை உருட்டிப் பார்த்துக்கொள்வார்கள். எல்லாம் ராஜாக்கள் காலத்தில் நடக்கும். பொருளடக்கத்தைப் பார்த்ததில், பிய்ந்துபோனது மந்திரம் பற்றிய பாடமும் காயம் ஆற்றுவது பற்றிய பாடமும்தான் என்று தெரிந்தது.

"மந்திரமும் வைத்தியமும் வடையோட போச்சுடி. மீதி கீறது சண்ட, பசி, சாவு, அவ்ளோதான்" என்றாய்.

"ராஜாவாச்சும் இருக்காரா?" என்று ஜோதி கேட்டாள்.

"ராஜா வேணாம். அவுருக்கு எல்லாத்தியும் எவனாவது செஞ்சு குடுப்பான். நாம உப்பு வண்டி ஓட்டறவங்க."

அப்படித்தான் எங்கள் ஊர்க் கடற்கரையிலிருந்து பென்னலூர்ச் சந்தை வரைக்கும் ஓர் உப்பு வண்டி கிளம்பியது. ஒரு ஞாயிறு உட்கார்ந்தால் கதையில் ஒரு நாள். குறுநில மன்னர்கள் ஆளுக்கொரு பக்கம் அடித்துக்கொள்ள, நாங்கள் நடுவில் மாட்டுக்குத் தண்ணீர் தேடிக்கொண்டு போனோம். கதை நடத்துகிறவளுக்கு ஆள் கிடையாது என்று புத்தகம் சொன்னதாம். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "லைன்ல நிக்காத சூப்பர்வைசர் மாறி ஆயிடுவேன். நானும் வெயில்ல நடந்தாதான் ரூல் ஒழுங்கா வரும்" என்று உனக்கும் ஓர் ஆளைப் போட்டுக்கொண்டாய், பென்னலூர்க்காரியாக.

புத்தகம் கேட்ட இருபது முகக் கட்டையெல்லாம் நமக்கு எங்கே கிடைக்கும்? உங்கள் அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டையைத் தூக்கி வந்தாய். அதோடு தாய ஆட்டத்தின் வழக்கமும் கூடவே வந்துவிட்டது. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதால், தாயம் விழுந்தால்தான் ஆள் பிறக்கும் என்று எழுதிவிட்டாய். எனக்கு நாலாவது உருட்டில் விழுந்தது. ஜோதி மூன்று ஞாயிறு பிறக்கவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் மாட்டைப் பூட்டி, சுங்கச்சாவடியில் சண்டை போட்டு, ஓர் ஆற்றையும் கடந்துவிட்டோம். அவள் மூலையில் உட்கார்ந்து இரண்டும் மூன்றும் பன்னிரண்டுமாக உருட்டிக்கொண்டிருந்தாள். நாலாவது ஞாயிறு தாயம் விழுந்ததும் அவள் போட்ட சத்தத்தில் கீழே உங்கள் நாய் குரைத்தது.

லைனில் கற்றதையெல்லாம் கொண்டுவந்து அதில் போட்டாய். சண்டையில் நம் முறை வந்ததும் பத்து எண்ணுவாய். அதற்குள் என்ன செய்கிறோம் என்று சொல்லாவிட்டால், "பலக போயிடுச்சு" என்று அடுத்தவளிடம் போய்விடுவாய். என்னுடைய முதல் ஆள் கத்தியைக் கையால் தொட்டதுகூடக் கிடையாது; குதிகால் கொப்புளம் சீழ் பிடித்துச் செத்துப்போனாள். நான் குதித்ததற்கு, "கம்பெனி ஷூ கடிச்சதுக்கே நீ நாலு நாளு நொண்டிகினு வந்த. இவ செருப்பு இல்லாம உப்புத் தண்ணில நடந்துகினு கீறா" என்றாய். மறுபடி பிறக்கப் பதினேழு தடவை உருட்டினேன்.

அப்புறம் அந்தக் குழவிக்கல். யார் எதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள், அது எத்தனை வீசை எடை என்பதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னாய். உன் ஆளின் மூட்டையில் ஒரு புடவை, ஒரு சொம்பு, நாலு வீசைக்கு ஒரு குழவி. அம்மி கிடையாது, குழவி மட்டும். அதைத் தூக்கிப் போடு என்று ஒவ்வொரு ஞாயிறும் சண்டை பிடித்தேன். "அம்மி எந்த வூட்லயும் கெடைக்கும்டி. கொழவியதான் எவளும் இரவல் தர மாட்டா" என்பாய். மொத்தப் பயணத்திலும் அந்தக் குழவியால் நீ ஒரு மிளகைக்கூட நசுக்கவில்லை.

உங்கள் அம்மா ஒரு நாள் வடகம் காயவைக்க மாடிப்படி ஏறி வந்திருக்கிறார்கள். படியிலேயே அவர்கள் காதில் விழுந்தது இது. நான்: "அவனக் கொன்னுட்டு உப்ப எடுத்துக்கிருவமா?" ஜோதி: "கொல்லலாம், பொணத்த எங்கிட்டுப் போடுறது?" நீ: "நேத்து போட்ட கெணத்துலயே போட்டுடு." போதாக்குறைக்கு நடுவில் தாயக்கட்டை வேறு உருள்கிறது. வீட்டில் சூதாட்டம், கூடவே கொலைத் திட்டம். வடகத் தட்டோடு கீழே இறங்கிப் போய் என் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

என் அப்பாவுக்கு அப்படி ஒரு சாக்குதான் வேண்டியிருந்தது. எனக்கு அத்தை மகன் ஒருத்தன் ஊரில் காத்துக்கொண்டிருந்தான். பெட்டிக்கடை வைத்திருந்தான், நல்லவன்தான். ஆனால் நான் சொந்தச் சம்பளம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊருக்குப் போனால் திரும்பி வரமாட்டேன் என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு காலையில் அப்பா கருப்பட்டிப் பொட்டலத்தோடு வந்து நின்றார். "ஏத்தா ராமு, துணிமணிய எடுத்து வையி. சாயங்கால பஸ்ஸுக்குப் போறம்" என்றார். நான் அழுதுகொண்டே பையை எடுத்தேன்.

நீதான் குறுக்கே வந்தாய். "அப்பா, ஒரே ஒரு ஆட்டம் வந்து பாருங்க. தப்புன்னு தோணுச்சுன்னா நானே பஸ் ஏத்தி வுடறேன்." அப்பா மாடியேறினார். உங்கள் அம்மாவும் சாட்சியாகப் பின்னாலேயே வந்து தொட்டியோரம் நின்றார்கள்.

அப்பா முதல் உருட்டிலேயே பிறந்துவிட்டார். ஜோதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டி அன்றைக்கு எவ்வளவு தூரம் போகும் என்று நீ நோட்டைப் பார்த்து, முப்பது மைல் என்றாய்.

"முப்பது மைலா? உப்பேத்திக்கிட்டா? எந்த ஊரு மாடும்மா அது, லாரில ஏத்திக் கொண்டு போறீகளா?"

நீ திருதிருவென்று விழித்தாய். புத்தகத்தில் குதிரைக்குப் போட்டிருந்ததை மாட்டுக்கு எழுதிவிட்டிருக்கிறாய்.

"பத்து போடு. மழை பேஞ்சா அதுவும் கெடையாது. கரிசக் காட்டுல மண்ணு சக்கரத்தப் புடிச்சிக்கிரும்." பிறகு மாட்டுக்கு எத்தனை கட்டுச் சோளத்தட்டை, லாடம் எப்போது தேயும், உப்பு மூட்டைக்கு மேல் எந்த ஓலை போடுவது என்று சொல்லச் சொல்ல நீ எழுதிக்கொண்டே போனாய். பையில் என் துணிகள் பாதி மடித்தபடி கிடந்தன.

மத்தியானத்துக்கு மேல் ஜோதியின் ஆள் குட்டைத் தண்ணீரைக் குடித்து வாந்திபேதியில் செத்துப்போனாள். வழக்கம்போல அவள் மூட்டையை ரோட்டோரம் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினோம். அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"கூட வந்தவ மூட்டைய ரோட்டுல போட்டுட்டா போவீக? அவ வீட்டுல கேட்டா என்ன சொல்லுவீக? அது என்ன பழக்கம்?"

நீ பேனாவை அவரிடம் நீட்டினாய். அந்த விதியை அப்பாவே தன் கையால் எழுதினார்: செத்தவர் மூட்டையை மற்றவர்கள் சுமந்து போய் அவர் வீட்டில் ஒப்படைக்க வேண்டும். அதுவரை வண்டி மெதுவாகத்தான் போகும். கம்பெனியில் மாற்றம் செய்தால் கையெழுத்து வேண்டுமே என்று நீ கீழே கையெழுத்தும் வாங்கிக்கொண்டாய்.

சாயங்காலம் அவர் தனியாகத்தான் பஸ் ஏறினார். "வண்டி ஊரு போய்ச் சேரட்டும். பெறகு இவள அழைச்சிக்கிறேன்" என்றார். பத்து மைல் கணக்கில் ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

அதற்கப்புறம்தான் நீ கொடுங்கோல் ஆட்சி நடத்தினாய். வைகையில் பாலைவனம் போல மணல், புதுக்கோட்டைப் பக்கம் கொள்ளைக்காரர்கள், கொள்ளிடத்தில் வெள்ளம். கொள்ளிடக் கரையில் மட்டும் ஐந்து ஞாயிறு உட்கார வைத்தாய். அப்பா போன் செய்வார்: "வண்டி எங்கன நிக்கி?" வெள்ளம் என்பேன். "வத்தட்டும், வத்தட்டும். அவசரப்பட்டு மாட்ட எறக்கிராதீக" என்பார். ஆறாவது ஞாயிறும் நீ மழை என்றபோது எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மனசாட்சி இருக்கிறதா உனக்கு என்று கத்தினேன்.

நீ நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "சீக்கிரமா போய்ச் சேரணுமாடி ஒனக்கு?" என்றாய்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து நானே உன்னிடம் வந்து, இந்த வாரம் அச்சு முறியட்டும்டி என்று கேட்க ஆரம்பித்தேன். அப்பாவுக்கும் எப்போது விளங்கியதோ தெரியவில்லை. ஒரு நாள் போனில் அவராகவே, "இந்நேரம் மாட்டுக்குக் கோமாரி வந்துருக்கணுமே?" என்றார். கோமாரியில் இரண்டு மாதம் ஓடியது. அதற்குள் அத்தை மகன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு பெட்டிக்கடையைப் பலசரக்குக் கடையாக்கிவிட்டான். பந்தியில் அப்பாதான் நின்று பரிமாறினாராம்.

மூன்று வருஷத்தில் பாலாறு தாண்டினோம். இன்னும் இரண்டு நாள் நடைதான் பாக்கி. அப்போதுதான் உனக்குக் காய்ச்சல் வந்தது, நிஜக் காய்ச்சல். முதலில் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி, பிறகு சென்னை. ஐந்தாம் நாள் நான் வந்தபோது உன் உதடு வெடித்திருந்தது. "வைத்தியப் பாடத்த அம்மா வடைக்குப் போட்டுடுச்சே, இப்ப இன்னா பண்றது?" என்று சிரித்தாய். உங்கள் அம்மா பக்கத்தில் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் நீ இல்லை. எனக்கு உன்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை, தெரிந்துகொள்.

ஒரு மாதம் கழித்து நானும் ஜோதியும் மாடியில் நோட்டைப் பிரித்தோம். விட்டுவிடலாம் என்றாள் அவள். செத்தவர் மூட்டை விதி இருந்த பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. உன் ஆளின் மூட்டையை என் பெயருக்கு மாற்றி எழுதினேன். ஒரு புடவை, ஒரு சொம்பு, நாலு வீசைக் குழவி. அதற்கப்புறம் ஒரு நாள் நடை மட்டும் போனோம். ஜோதி கல்யாணமாகித் தேனிக்கே போய்விட்டாள். நான் லைன் லீடர் ஆனேன், எனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு ஒரகடத்தில் இருக்கிறேன். அப்பா சம்மதம் சொல்லிவிட்டு, வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டார். ஸ்ரீபெரும்புதூருக்கு இந்தப் பக்கம் என்றேன்.

போன வாரம் பென்னலூர் போனேன். உங்கள் அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் எவர்சில்வர் தட்டில்தான் எடுத்து வைக்கிறார்கள், எண்ணெய் சொட்டினாலும் தாள் போடுவதில்லை. எதிரே உட்கார்ந்தேன். திடீரென்று கேட்டார்கள்.

"அந்த ஆட்டத்துல எம் பொண்ணு மூட்ட இன்னா ஆச்சு?"

"எங்கிட்டதாம்மா இருக்கு. இன்னும் ஒரு நாள் நடைதான். வந்து ஒங்க கையில குடுத்துட்டா முடிஞ்சிரும்."

கரண்டியை எடுத்தார்கள். அந்த ஈடு வடை முழுவதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார்கள்.

"இப்ப எப்டி வருவ? ஏரி ஒடைஞ்சிகினு கீது" என்றார்கள். "முழங்காலுக்குத் தண்ணி. மாட்ட அவுத்து வுட்டுட்டு அங்கியே இரு."

வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்து, பென்னலூர் ஏரி உடைந்தது, வண்டி நிற்கிறது என்று எழுதினேன். அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். உன் குழவி கனக்கத்தான் செய்கிறது, இன்னும் இறக்கவில்லை.