சங்குக்குத் திருத்திய எண்

உங்கள் மகள் நேற்று ஹட்டனிலிருந்து பஸ் பிடித்து வந்து கெட்டி அட்டை போட்ட ஒரு பழைய சீ.ஆர். கொப்பியைத் தந்தாள். உங்கள் அலுமாரியில் இருந்ததாம். பூச்சி உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. உள்ளே என் கையெழுத்தில் நான் எழுதிய கம்ப்யூட்டர் நிரல். ஓரிடத்தில் மட்டும் என் எண் வெட்டப்பட்டு, மேலே உங்கள் எழுத்தில் வேறோர் எண். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நம் தேயிலைத் தொழிற்சாலைக்கு அந்தப் புதிய போர்ட் வந்தது. தேயிலை அடுப்பில் எவ்வளவு நேரம் காயவேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் சின்னக் கம்ப்யூட்டர். பழைய போர்டின் கெர்னல், அதாவது எந்த வேலையை எப்போது செய்வதென்று தீர்மானிக்கும் அடிப்படை நிரல், இதில் அசையவே மறுத்தது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து கொழும்பில் படித்த நான் மூன்று வாரம் உட்கார்ந்து வரிவரியாக மாற்றினேன். இன்ஜின் ரூம் உங்கள் பொறுப்பு. "நம்ம புள்ள ஒண்ணு இதெல்லாம் செய்யுதே" என்று பக்கத்தில் வந்து நிற்பீர்கள். கேட்டீர்கள் என்று, நிரல் இருக்கும் சிப்பை அழித்து எழுதவும் பழக்கிக் கொடுத்தேன்.

போர்டின் நிமிடம் நம் நிமிடமாக இருக்கவேண்டும். கைக்கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்துத்தான் அந்த எண்ணை எழுதினேன். நான் ஒரு சாமானுக்காகக் கொழும்பு போன அன்று, காலையில் ஆட்களைக் கூட்ட ஆலையில் ஊதும் பெரட்டுச் சங்கிலிருந்து பகல் சங்குவரை போர்டை ஓடவிட்டுப் பார்த்தீர்கள். போர்ட் முந்துவதாகத் தெரிந்தது. கொழுந்து அதிகமான மாதத்தில் நிறுவை முடியும்வரை பகல் சங்கைப் பிடித்து வைப்பார்கள் என்பது மலையில் கொழுந்தெடுத்த எவளுக்கும் தெரியும். அன்றும் சங்கு பிந்தித்தான் ஊதியது. இன்ஜின் சத்தத்துக்குள்ளேயே கிடந்த உங்களுக்குச் சங்குதான் நேரம். என் எண்ணை வெட்டி, போர்டின் நிமிடத்தை நீட்டிவிட்டீர்கள். தேயிலை அடுப்பில் கூடுதலாகக் கிடந்து கருகியது.

"சங்குக்குத்தான் சரி பண்ணேன் தங்கச்சி. தொர கேட்டா நானே சொல்லிர்றேன்" என்றீர்கள்.

தோட்டத்து மேனேஜர் துரை கேட்டார். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் இன்ஜினத்தாங்க பாக்குறேன். போர்டெல்லாம் அந்தப் புள்ளதான்" என்றீர்கள். கொப்பியைக் காட்டுகிறேன் என்று ஓடினேன். மேசையில் கொப்பி இல்லை. அன்றே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். லயத்துப் பெண்ணிடம் மெஷினைக் கொடுத்தால் இப்படித்தான் என்று கினிகத்தேனை டவுன் வரை பேச்சு. அப்பா ஒரு மாதம் கோயில் பக்கம் போகவில்லை.

கொப்பி தொலைந்தது என்றே இத்தனை வருடம் நம்பினேன். பிள்ளைகுட்டிக்காரர், பயத்தில் ஒரு பொய் சொல்லிவிட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீங்களோ பூச்சி அரிக்காமல் அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறீர்கள். ஒரு நாளாவது அலுமாரியைத் திறந்தபோது உங்களுக்கு வெட்கமாக இருந்ததா?

"முப்பதாம் நாள் பூசைக்கு வாங்க அத்தை" என்றாள் மகள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் வரமாட்டேன். உங்களை மன்னிக்கவும் இல்லை.

பிறகு கொழும்பில் எத்தனையோ போர்டுகளுக்குக் கெர்னல் எழுதினேன். கூட வேலை செய்த பிள்ளைகள் பழக்கித் தரச்சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்து, கல்நெஞ்சக்காரி என்று பெயர் வைத்தார்கள். உங்களுக்குச் சிப் எழுதப் பழக்கியதுதான் நான் ஒருவருக்குக் கடைசியாகச் சொல்லிக்கொடுத்தது.