மேலாற்றுக் குஞ்சுகள்

என் செல்ல வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் உன்னைப் பெற்றவரும் அங்கே நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்தது. போனில் கேட்காமல் எழுதியிருக்கிறாய் என்றால் விஷயம் பெரிது என்று உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெற்ற தாயைத் தேடிப் போகிறேன் என்று நீ கிளம்பியபோது பெட்டி அடுக்கியவள் நான். இப்போது அவருடன் இன்னும் சில மாதம் இருக்கட்டுமா, உனக்கு வருத்தமா என்று கேட்கிறாய். சொல்கிறேன். முதலில் என் தலைவலியைக் கேள்.

எங்கள் மீன் ஆராய்ச்சிக் கொட்டகையில் தொட்டியின் நடுவே இருந்த தடுப்பு வலை கழன்றுவிட்டது. அருவிக்கு மேலே வாழும் மீன்களின் குஞ்சுகளும் கீழாற்றுக் குஞ்சுகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆற்றில் என்றால் பார்த்ததும் பிரித்துவிடலாம். மேலே நீரின் இழுப்பு அதிகம், அங்கே உள்ளவை ஒல்லி. கீழே உள்ளவை முதுகு உயர்ந்தவை. ஆனால் இவை முட்டையிலிருந்தே எங்கள் தேங்கிய தண்ணீரில் வளர்ந்தவை. எல்லாமே ஒரே கொழுகொழு.

புது மேலதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு? எதை எங்க விட்டா என்ன?” என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. மேலாற்றில் இந்த மீன் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம். அருவி குறுக்கே நிற்பதால் இரண்டுக்கும் கலப்பு இல்லை, மரபணு தனித்தனி. தண்ணீர் உடம்பை மாற்றும், வம்சத்தை மாற்றாது. கீழ்க்குஞ்சுகளை மேலே விட்டால் அந்த வம்சமே கரைந்துபோகும். பல்லைக் கடித்துக்கொண்டு இதை அவரிடம் மரியாதையாகவே சொன்னேன்.

பிறகு ஒவ்வொன்றின் துடுப்பிலும் துளி வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். எந்தத் துண்டு எந்தக் குஞ்சுடையது என்று குழம்பக் கூடாதே, அதனால் முடிவு வரும்வரை பாட்டிலுக்கோ கிளாஸுக்கோ ஒரு குஞ்சு. கேன்டீனில் டீ குடிக்கக் கிளாஸ் இல்லை. அப்பா நம் அலமாரியையே காலி செய்து பாட்டில்களைக் கழுவி எடுத்து வந்தார். உன்னைப் பற்றி அவர் ஒன்றும் பேசுவதில்லை. போன் அடித்தால் மட்டும் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வருகிறார்.

முடிவு வந்து, நேற்று மேலாற்றுக் குஞ்சுகளை வேனில் ஏற்றிப் போனோம். வளர்த்தவளே விடட்டும் என்று வாளியை என்னிடம் கொடுத்தார்கள். முடிவு வந்ததிலிருந்து தொட்டியில் மோட்டார் வைத்துத் தண்ணீரை ஓடவிட்டுப் பழக்கியிருந்தோம். வாளியைச் சாய்த்ததும் தடுமாறி ஒரு கல்லின் பின்னால் ஒதுங்கின. அப்புறம் ஒவ்வொன்றாகத் தலையை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பி நின்றன. நான் அழுதுவிட்டேன். டிரைவர், “தண்ணி தெறிச்சிடுச்சா மேடம்?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

சரி, உன் கேள்வி. வருத்தம்தான். பொறாமையும் இருக்கிறது. நீ அனுப்பிய போட்டோவில் அவர் மூக்கும் உன் மூக்கும் அச்சாக ஒன்று. ஆனால் இடுப்பில் கைவைத்து முறைத்துக்கொண்டு நிற்கிறாயே, அது என்னுடையது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரு, கண்ணே. மனம் நிறையும்வரை இரு. அவரையும் அம்மா என்றே கூப்பிடு. ஜுரம் வந்தால் நீ வாய்விட்டுச் சொல்ல மாட்டாய், சிடுசிடுப்பாய் என்று அவரிடம் சொல்லிவை. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். வாசல் பூட்டு பழுதாகி அப்பா வேறு மாட்டியிருக்கிறார். உன்னிடம் உள்ள சாவி இனி சேராது. புதுச் சாவியை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். வரும்போது மணி அடித்துவிட்டு வெளியே நிற்காதே.

உன் அம்மா